துவைத்துவிட்ட சாவி

அன்புள்ள அம்மாவுக்கு, சீலன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? பெர்லின் குளிர் எனக்குப் பழகிவிட்டது.

நாங்கள் உருவாக்கும் மென்பொருள், ஒரு கோப்பைப் பூட்டித் துண்டு துண்டாக்கி, முகம் தெரியாத பலரின் கம்ப்யூட்டர்களில் வைக்கும். அது யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது. சாவி என்கிற ரகசியச் சொல் இருந்தால்தான் திறக்கும்.

போனில் நீ பேசியதைப் பதிந்து வைத்திருந்தேன். சோதனைக்கு அதை அந்த மென்பொருளில் போட்டுவிட்டு, போனில் இருந்ததை அழித்தேன். சாவி எழுதிய சீட்டைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்தும் விட்டேன்! ஐந்து பேர் மூன்று நாள் முயன்றும் திறக்க முடியவில்லை. மேலாளருக்கு ஒரே சந்தோஷம், பூட்டு ஜெயித்துவிட்டதாம்.

தங்கச்சி ஜோஸ்பின் போனில் மறுபடி பேசி அனுப்பும்மா. "இன்னாடா சீலா, சாப்ட்டியா?" அது போதும். வாசலில் நின்று பேசு, பாகூர் பஸ் ஹாரனும் விழட்டும்.

ட்ராம் வந்துவிட்டது. இந்தத் தடவை பூட்டமாட்டேன்.

உன் சீலன்