இடது பின்சக்கரம்

செவ்வாய்க் கோள், நாள் 211, 06:10
மின்வண்டி 3. ஓட்டுநர் செங்கோடன், வயது 66. பனிக்கிணற்றிலிருந்து முகாமுக்கு 80 கி.மீ. மூச்சுக்காற்று 12 மணி நேரம். மின்கலம் நிறைவு. வண்டியின் இடது பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது.

07:00
கிளம்பும் முன்பே திரையில் ‘கம்ப்ரஸர் பழுது’. வண்டியை முகாமின் கணினி பூட்டிவிட்டது. முகாமின் பொறியாளர் ரெஜினா ரேடியோவில்:
“ஐயா, எதையும் தொடாதீங்க. மீட்பு வண்டி வர பத்தொன்பது மணி நேரம் ஆகும்.”
“என்கிட்ட காத்து பதினொண்ணுக்குத்தான் இருக்கு அம்மிணி. மிச்ச எட்டு மணி நேரம் நான் என்ன பண்ணட்டும்?”


08:40
வண்டி முழுக்கச் செம்மண் தூசி. பின்சக்கரத்தின் மேல் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனின் ரப்பர் பையில் மட்டும் நகக்கண் அளவுக்குத் தூசி ஒட்டாத கறுப்பு. கசிவு அங்கேதான். இழந்த காற்றை நிரப்பி நிரப்பியே கம்ப்ரஸர் கருகியிருக்கிறது. இந்தக் குளிரில் அந்த ரப்பர் வெடிக்கும் என்று மூன்று வருடம் முன்பே பொறியாளர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். எந்தக் கல்லூரி என்று கேட்டார்கள். சங்ககிரி லாரிப் பட்டறை என்றேன். சிரித்தார்கள்.

09:30
அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே கல்லை அடைத்தேன். வண்டியின் உயரம் அளக்கும் கருவியின் கையைச் சமநிலையில் வைத்துக் கம்பியால் கட்டினேன். கணினி நம்பிவிட்டது. வேகம் மணிக்குப் பத்து.

10:20
மறுபடி பூட்டு.
“உயர அளவு துளிகூட அசையலையே ஐயா. ஏமாத்துறீங்க.”
“ஏமாத்தல. கட்டி வச்சிருக்கேன். பூட்டைத் திற.”
“எனக்கு அதிகாரம் இல்லைங்கய்யா. குழு கூடணும்.”
“கூடட்டும். நானும் வந்து கலந்துக்கறேன்.”

10:50
பூட்டும் ஆணை ஆன்டெனா வழியாகத்தான் வருகிறது. அதன் கம்பியை வெட்டி, வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினேன். நகர்கிறது. மிச்சம் 72 கி.மீ. கணக்குப்படி எட்டு நிமிடக் காற்று மிஞ்சும்.

14:20
கல் நொறுங்கியது. டயர் சட்டத்தில் உரசுகிறது. 37 கி.மீ.

14:40
என் இருக்கையைக் கழற்றி அடைத்தேன். நின்றுகொண்டே ஓட்டுகிறேன். முட்டி வலி. அது பழைய வலி.

17:50
காற்று இருபது நிமிடம். 5 கி.மீ. வேகத்தைப் பதினைந்தாக்கினேன். அச்சு அலறுகிறது. அலறட்டும்.

18:06
முகாம் தெரிகிறது. தலை சுற்று. இப்போதுதான் உறைக்கிறது, வெளிக்கதவை ரேடியோவில் கேட்டால்தான் திறப்பார்கள். ஆன்டெனாவை வெட்டியவன் நான்.

18:09
கதவு மூடியிருக்கிறது. ஆள் இல்லை. ஒலிப்பான் செவ்வாயின் இந்த மெல்லிய காற்றில் கேட்காது.
வண்டியைப் பின்னால் பத்து அடி எடுத்திருக்கிறேன். கதவை வண்டியாலேயே தட்டப் போகி