குங்கிலியம் வைத்த மோட்டார் வண்டி

குருசுக்குப்பம்,
புதுச்சேரி.
16-3-1958

அன்பு மாமாவுக்கு அன்னக்கிளி எழுதுவது.

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நாலு வீடு தள்ளிப் போய் வம்பளந்துவிட்டு வருகிறார். உங்கள் மகள் சந்திரகலா இப்போது எல்லாம் பேசுகிறாள். நான் திட்டுவதையும் அப்படியே திருப்பிச் சொல்கிறாள். எனக்கு மட்டும் உங்கள்மேல் கொஞ்சம் கோபம். கடிதத்தில் அங்கங்கே தட்டுப்படும், பொறுத்துக்கொள்ளுங்கள். சோறு இறங்காத அளவுக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதம் தை மாதக் கடைசியில் வந்தது. மர்சேய் பட்டணத்துக் குளிரைப் பற்றி ஒரு பக்கம், அங்கே கிடைக்கும் மீனில் ருசி இல்லை என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் இரண்டு சேதி வைத்திருந்தீர்கள். பட்டறையில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடலாம் என்று இருக்கிறேன் என்பது ஒன்று. மோட்டார் வண்டியை உழவர்கரை சக்கரபாணிக்கு விற்றுவிடு, இனி எனக்கு அது எதற்கு என்பது மற்றொன்று. பிரெஞ்சுத் துரை ஊருக்குக் கப்பலேறிய அன்று அவருடைய பழைய இரண்டு சக்கர மோட்டார் வண்டியை வாங்கி வந்து, சோறு தண்ணியில்லாமல் அதையே சுற்றிச் சுற்றி வந்த மனுஷர் நீங்கள். கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவர் இனி எதற்கு என்று எழுதினால் நான் என்ன நினைப்பது? மூன்று வருஷம் என்பது முப்பது வருஷமாகிவிடுமோ என்று பயந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னபடி சக்கரபாணிக்கு ஆள் அனுப்பினேன்.

அவர் வந்தார். வயலுக்கும் டவுனுக்கும் சைக்கிள் மிதித்து அலுத்துவிட்டதாம். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், பிறகு குனிந்து பார்த்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். எஞ்சின் தலையில் இருக்கிற வால்வு மூடியைச் சுற்றி எண்ணெய் கசிந்து, பக்கமெல்லாம் வழிந்து, தரையில் சொட்டு விட்டிருந்தது. இதை அடைத்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள் என்று போய்விட்டார்.

கசிவு புதிது இல்லை. நீங்கள் போன மறு வருஷமே ஆரம்பித்தது. உங்கள் தம்பி சுப்ரமணி காலையில் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு அந்த வண்டியில்தான் மார்க்கெட்டுக்குப் போகிறான். வேட்டியெல்லாம் கறுப்புக் கறை. மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கும் முத்தம்மாள் அக்கா, மீனோடு வறுக்கிற எண்ணெயையும் நீயே ஊற்றிக் கொடுத்துவிடுகிறாயா என்று கேட்டாளாம். அவனுக்கு மானம் போய்விட்டது. தானே அடைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினான்.

எதை வைத்து அடைத்தான் தெரியுமா? குங்கிலியம். படகில் பலகை இடுக்கை அடைப்பதுபோல, குங்கிலியத்தை இடித்து நல்லெண்ணெய் விட்டுக் காய்ச்சி, பஞ்சில் தோய்த்து, மூடியைச் சுற்றிலும் நன்றாகத் திணித்துப் பூசிவிட்டான். கடல் தண்ணீரே உள்ளே வராது அண்ணி, இந்த எண்ணெய் எங்கே வெளியே வரும் என்று மார்தட்டினான். ஆறியதும் கல்லாக இறுகிவிட்டது. தட்டிப் பார்த்து நானும் சபாஷ் என்றேன், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. கடல் தண்ணீர் குளிர்ச்சி, எஞ்சின் கொதிக்கிற அடுப்பு என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் மாசி மகம். வழக்கம்போல ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தன. தெரு கொள்ளாத கூட்டம். சுப்ரமணி மார்க்கெட்டிலிருந்து திரும்பி வருகிறான். எஞ்சின் சூடேறி, குங்கிலியம் இளகி வழிந்து, வண்டிக்கு அடியிலிருந்து குபுகுபு என்று வெள்ளைப் புகை. புகை மட்டுமா, சாமிக்குப் போடுகிற தூபம் மாதிரியே வாசனை! முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்க்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். ஒரு அம்மாள் கற்பூரத் தட்டோடு ஓடி வந்தாளாம். சாமி வருது, வழி விடுங்க என்று தொண்டர்கள் கயிறு பிடித்து வழி செய்து கொடுக்க, உங்கள் தம்பி காலி மீன் கூடையோடு நடுவிலே வந்திருக்கிறான். ஏன்டா நிற்கவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

“சாமின்னு நெனச்சி வழி வுட்டாங்க அண்ணி. நடுவுல நின்னா மீன் கூடையப் பாத்துடுவாங்க. அதான் நிக்காம வந்துட்டேன்.”

நானும் அத்தையும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீங்கள் போன பிறகு அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஊர் விடுமா? இப்போது அவனைப் பார்த்தால் பிரசாதம் எங்கே என்கிறார்கள். அதிலிருந்து அவன் வண்டிப் பக்கமே போகவில்லை, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறான்.

வேறு வழியில்லாமல் உங்கள் பழைய மெக்கானிக் கூட்டாளி ஆதிமூலம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். மூடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, இதைக் கழற்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கக் கூடாதம்மா, ஆசாரியைக் கூப்பிட்டிருக்கணும் என்றார். துணியைக் கொதிக்கிற தண்ணீரில் நனைத்து ஒற்றி ஒற்றித்தான் குங்கிலியம் விட்டது. கத்தியால் சுரண்டினால் இரும்பில் கோடு விழும், அந்தக் கோடு வழியாகவே மறுபடி கசியும் என்று மூங்கில் சீவலால் சுரண்டச் சொன்னார். துகள் உள்ளே விழாமல் திறப்பில் துணி அடைத்துவிட்டுச் சுரண்டினோம். பாதி நாள் அதற்கே போய்விட்டது. என் நகத்தில் இன்னும் வாசனை போகவில்லை.

மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில், எண்ணெய் கசியாமல் இருக்க வைக்கிற ஒரு பாக்கிங் இருந்தது. அவர் பிரெஞ்சில் அதற்கு ஏதோ பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. பழசு அப்பளமாகக் காய்ந்து கையில் எடுத்ததும் நொறுங்கியது. குற்றவாளி அதுதான். புதிதாக வெட்ட மெல்லிய தக்கைத் தகடு கொண்டுவந்திருந்தார். அவர் கைக்கு அந்த வேலை சரிப்படவில்லை, முதல் தகடு கிழிந்தது. இங்கே கொடுங்கள் அண்ணா என்று நான் வாங்கிக்கொண்டேன். இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைக்கிறவள் நான், இது என்ன பெரிய வெட்டு! மூடியின் விளிம்பில் எண்ணெய் தடவிக் காகிதத்தில் ஒற்றினேன், அளவு தானாக விழுந்தது. அந்தக் காகிதத்தைத் தகட்டின்மேல் வைத்து வெட்டினேன். போல்ட்டுக்கு நாலு ஓட்டை. பொருத்திப் பார்த்தால் தைத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. ஆதிமூலம் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மூடியைப் போட்டு முடுக்கும்போது, ஒரு போல்ட்டை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதே, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு, பலத்தைக் காட்டாதே, பாக்கிங் பிதுங்கிவிடும் என்றார். நாலு பக்கமும் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு அப்புறம் தைப்பது மாதிரிதானே என்றேன். அதேதான் என்றார். மூடுவதற்கு முன்பே வால்வு இடைவெளியையும் அளந்து சரிசெய்துவிட்டார். இவ்வளவு நாளாகக் கேட்ட அந்த டக்டக் சத்தமும் போய்விட்டது.

மறுநாள் சுப்ரமணியைக் கெஞ்சி, கோரிமேடு வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். நான் அடுப்படியில் இருந்தேன். வண்டி தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டது. நீங்கள் ஓட்டிவந்தபோது கேட்ட அதே சத்தம். மாமா, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். என் கை தானாகப் பானைக்குள் போய் இன்னொரு பிடி அரிசியை எடுத்துவிட்டது. அப்புறம்தான் நினைவு வந்தது. அந்த அரிசியைத் திரும்பப் போட மனமில்லாமல் உலையிலேயே போட்டேன். அன்றைக்கு எல்லோருக்கும் சோறு மிஞ்சியது.

வண்டிக்கு அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து ஒரு நாள் முழுக்க விட்டு வைத்தோம். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. அந்தக் காகிதத்தைச் சுப்ரமணி மார்க்கெட்டுக்கு எடுத்துப் போய் முத்தம்மாள் அக்காவிடம் காட்டிவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை சக்கரபாணி வந்தார். ஓட்டிப் பார்த்தார், மூடியைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மகா சந்தோஷம் அவருக்கு. திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் திறந்தேன்.

“வண்டி விக்கறதுக்கு இல்லீங்க” என்று வந்துவிட்டது.

பாவம், மனுஷர் திகைத்துப் போய்விட்டார். உங்க வீட்டுக்காரர்தானே எழுதினார் என்றார். எழுதினார், இப்போது அவருக்கே வேண்டுமாம் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்: அப்படியானால் அவர் எப்போது வருகிறார்? மாமா, இந்த இரண்டு வருஷத்தில் இதைக் கேட்காத ஆள் இந்தக் குப்பத்தில் இல்லை. வருவார், வருவார் என்றே சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அந்தச் சொல் அலுத்துவிட்டது.

“ஆவணியில வந்துடுவாரு” என்றேன்.

உள்ளே படுத்திருந்த அத்தை முழங்கால் வலியை மறந்து எழுந்து வந்துவிட்டார். என் முகத்தையே பார்த்தார். “நெசமாவா அன்னம்?” என்றார். ஆமாம் அத்தை, கடிதத்தில் எழுதியிருக்கிறார் என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லையம்மன் கோயிலுக்கு விளக்குப் போடப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சுப்ரமணி வண்டியை வைக்கோலும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். சந்திரகலா பார்க்கிறவர்களிடமெல்லாம் ஆவணி, ஆவணி என்கிறாள். ஆவணி என்பது ஏதோ தின்பண்டம் என்று நினைத்திருக்கிறாள் போல.

நான் மூன்று வருஷக் கணக்கெல்லாம் போட்டுப் பார்க்கப் படித்தவள் இல்லை. அங்கே கையெழுத்துப் போட்டால் நமக்கு எவ்வளவு நல்லது என்று நீங்கள் எழுதியதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். இங்கே ஆதிமூலம் அண்ணன் தனியாகப் பட்டறை வைக்கப் போகிறாராம், உங்களைப் போல வேலை தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். அதை எழுதிவிட்டேன், முடிவு உங்களுடையது.

ஆனால் ஒன்று. நான் வாயாடி என்று இந்தத் தெருவில் பெயர் உண்டு, பொய்க்காரி என்று யாரும் சொன்னதில்லை. அத்தை முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் பொய் அது. அதைப் பொய்யாகவே விட்டுவிடாதீர்கள் மாமா.

நல்லபடியாகச் சாப்பிடுங்கள், குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். நீங்கள் வருகிற வழியெல்லாம் கடலம்மா அலையை அடக்கி வைக்கட்டும். பதில் நீளமாக எழுத வேண்டாம். கப்பலேறும் தேதி போதும்.

உங்கள்
அன்னக்கிளி