முட்டைக்கு விலக்கு, குஞ்சுக்கு இல்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், என் முதுகு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் முதுகு உட்பட சுகமாக இருக்க வேண்டும். முந்தாநாள் எல்லையில் நடந்ததைப் போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

பக்கத்து நாட்டோடு வரிச் சண்டை மூண்டது உனக்குத் தெரியும். நம் சிமெண்டுக்கு அவர்கள் வரி போட, அவர்கள் கோழிக்கு நாம் போட, நடுவில் நம் குஞ்சு பொரிப்பகம் மாட்டிக்கொண்டது. பிறகு மருந்துச் சாமான்களுக்கு மூன்று மாத வரிவிலக்கு கொடுத்தார்கள், நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிந்த கதையாக, தடுப்பூசி தயாரிக்க உதவும் என்று, கரு வளரும் அடைமுட்டையும் அந்தப் பட்டியலில் ஏறியது. ஆனால் முட்டைக்குத்தான் விலக்கு. குஞ்சு என்றால் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். முந்தாநாள் மாலை ஆறு மணியோடு விலக்கு முடிகிறது என்றதும் ஊரே எல்லைக்கு ஓடியது. பதினெட்டு நாள் அடைகாத்த முட்டையை அங்கே வாங்கி, கடைசி மூன்று நாள் மட்டும் நம் இயந்திரத்தில் வைப்பதுதானே நம் வழக்கம். உன் அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டாள், இந்தத் தடவை வரிசை நீளமா இருக்கும், பதினஞ்சு நாள் முட்டையா எடுங்க என்று. நான் கேட்டால்தானே! இரண்டு மணி நேர வரிசை இரண்டு நாள் ஆகி, முட்டையெல்லாம் இருபதாம் நாளுக்கு, பொரிக்கும் தறுவாய்க்கு வந்துவிட்டது. இந்த நடை வண்டியைத் திருப்பிவிட்டால் பொரிப்பகத்தைப் பூட்ட வேண்டியதுதான், வேலை செய்யும் நான்கு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆறடிக்கப் பத்து நிமிடம். சுங்க அதிகாரியம்மா இன்ஜினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன், வண்டியின் முட்டைப் பெட்டிக்குள் ஓடிய சூட்டு விசிறியும் நின்றது. அப்போதுதான் பாப்பா, கேட்டது. உள்ளேயிருந்து கீச் கீச்சென்று ஆயிரக்கணக்கில். பொரிப்பகத்தில் எப்போதும் இயந்திர இரைச்சல், முப்பது வருஷத்தில் பொரிக்கும் முன்னே வரும் இந்தச் சத்தத்தை நான் கேட்டதேயில்லை. ஓட்டுக்குள் இருந்தபடியே ஒன்று கூப்பிடுகிறது, அடுத்த தட்டிலிருந்து இன்னொன்று பதில் சொல்கிறது. உலகத்தையே பார்க்காத உயிர்களுக்குள் என்ன பேச்சு! எனக்குப் பயம் பாதி, பிரமிப்பு பாதி. பின்னால் ஹாரன் அடித்த லாரிக்காரர்களும் இறங்கி வந்து பெட்டியைச் சுற்றிக் காது கொடுத்து நின்றார்கள். அந்தம்மா ஒரு தட்டைத் திறந்தார். ஒரு முட்டையில் மட்டும் மயிரிழை விரிசல். குனிந்து காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, பெரியவரே, நான் பாத்தது முட்டை, காதுல கேக்குறதுக்கு எங்க பட்டியல்ல வரி இல்ல, சீக்கிரம் கெளம்புங்க என்று முத்திரை குத்திவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் வெட்கமே இல்லாமல் அழுதேன்.

முக்கால்வாசிக்கு மேல் நல்லபடியாகப் பொரித்துவிட்டன. இனி முட்டைக்கு எல்லை தாண்ட வேண்டாம், இவற்றையே தாய்க்கோழியாக வளர்ப்போம் என்கிறாள் அம்மா, இந்தத் தடவை தலையாட்டிவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் டாக்டர் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார் என்று நீ ஆசையாகச் சொன்னாய். நான் அப்படியா என்றுவிட்டு வரியைப் பற்றிப் பேசினேன். மடையன் நான், மன்னித்துவிடு. இரும்பு மாத்திரையை மறக்காதே, கனமான எதையும் தூக்காதே. இரண்டு உயிரும் நிறைவாக இருக்க எங்கள் ஆசி. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எனக்குப் போன் போட்டு, அந்தக் கருவி பக்கத்தில் வை. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

அன்புடன்,
அப்பா