கருப்பு இலையும் அக்காவின் மூச்சும்

மாமா,

உங்கள் அண்ணாமலை நகர் வீட்டைக் காலி செய்து அக்காவையும் அவள் பீரோவையும் கடலூருக்கு என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். நேற்று அதைத் திறந்ததும் பட்டுப்புடவைகளிலிருந்து உங்கள் பைப் புகையிலை வாசனை எழுந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த வாசனை அவள் புடவையை விட்டு இன்னும் போகவில்லை. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

என்ன இலை என்று எனக்கு உடனே தெரிந்தது. அதுதான் எரிச்சல். லட்டாக்கியா. விறகுப் புகையில் வாட்டி எடுக்கிற கருப்பு இலை.

நான் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து இலைகளைக் கலந்துகொண்டிருப்பீர்கள். வெளிநாட்டிலிருக்கும் மாணவர்கள் அனுப்பிய டப்பாக்கள் வரிசையாக இருக்கும். மேஜை எப்போது காலியாகும் என்று அக்கா தட்டுகளோடு நிற்பாள்.

"வர்ஜீனியா எலையில சர்க்கரை ஜாஸ்தி. மெதுவா புடிச்சா இனிப்பு. அவசரமா இழுத்தா நாக்கைக் கடிச்சிடும்" என்பீர்கள். பர்லி இலையில் இனிப்பு கிடையாது, வறுத்த வேர்க்கடலை மாதிரி. ரம்மோ கொக்கோவோ எதைத் தெளித்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். பெரீக் இலையைச் சிட்டிகைக்கு மேல் சேர்த்தால் மிளகைக் கடித்ததுபோல் தொண்டை காந்தும். நான் எதையும் கேட்டதில்லை. ஆனாலும் எல்லாம் மனதில் தங்கிவிட்டது.

ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்கு மூச்சுத் திணறி, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "வீட்டுக்குள்ள பொகையே கூடாது சார். எந்தப் பொகையும்." தலையாட்டினீர்கள். அவள் வீடு திரும்பிய வாரமே நான் வந்தபோது, கூடத்தில் பைப்பைப் பற்றவைத்திருந்தீர்கள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க மாமா?"

"கருப்பு எலையை நிறுத்திட்டேன்பா. அதான் கனமான பொகை. இது வர்ஜீனியாவும் பர்லியும், வெனிலா தெளிச்சது. பாயசம் மாதிரி இருக்கு பாரு. இது அவளை ஒண்ணும் பண்ணாது."

"வாசனை மாறினா பொகை இல்லன்னு ஆயிடுமா?"

"உனக்கு இதோட டேஸ்ட் புரியாது."

வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். தெரியாமல் செய்தீர்கள் என்று நான் நம்பத் தயாரில்லை. இலையை மாற்றினால் மாறுவது உங்கள் நாக்கில் படும் ருசி. அவள் நெஞ்சுக்குள் போனது அதே புகைதான். வீட்டுக்கு வந்தவர்கள் "என்ன மணம் சார்" என்று பாராட்டினார்கள். அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருமினாள்.

அன்றே அவளிடம், "எங்கூட கடலூருக்கு வந்துடுக்கா" என்றேன். அவள் உங்களைப் பார்த்தாள். நீங்கள் பைப்பிலிருந்த சாம்பலைத் தட்டிக்கொண்டே, "போறதுன்னா போகட்டும். திரும்பி வர வேணாம்" என்றீர்கள். அவள் வரவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் ஆஸ்பத்திரிதான். கொஞ்ச நாளில் கருப்பு இலையும் திரும்பி வந்தது. அது இல்லாமல் கலவை சப்பென்று இருந்ததாம்.

உங்கள் சாவுக்கு வந்தவர்கள் உங்கள் ரசனையைப் பற்றியே பேசினார்கள். அக்கா பக்கத்தில் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று புடவைகளை என்ன செய்வது என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் குடுத்துடு" என்றாள். பிறகு, "அவுர ஒண்ணும் சொல்லாதடா. போயிட்டாரு" என்றாள்.

"இருந்தப்ப நீ சொல்ல விடலையே."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அக்கா உங்களை மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அது அவள் இஷ்டம். நான் மன்னிக்கவில்லை. என் வீட்டு மாடிக்கு ஏறும்போது பாதிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகிறாள். பேசிக்கொண்டே வந்தவளின் பேச்சும் நின்றுவிடுகிறது. நீங்கள் எனக்கு விட்டுப்போனது இதுதான் மாமா. அவளுக்கு மூச்சு திரும்பும்வரை, மேல்படியில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.