பாறையில் விட்டுப்போன குட்டி

என் செல்ல முசுட்டுக்கு,

இந்தப் பயணிகளோடு மாரடித்தே என் உயிர் போய்விடும் போலிருக்கிறது. இன்று எரிமலைப் பாறையில் ஒரு கடற்சிங்கக் குட்டி தாயில்லாமல் கத்திக்கொண்டிருந்தது. எங்கள் படகில் வந்திருக்கும் ஜெர்மன் டீச்சரம்மா விடவேயில்லை. “பெத்துப் போட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்சா? இவளெல்லாம் ஒரு தாயா?”

“மீன் பிடிக்கப் போயிருக்கும்மா. ரெண்டு மூணு நாள்ல வந்துடும்.” நான்கு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை ரொட்டியோடு குட்டியிடம் போய்விட்டார். “தொடாதீங்க! அதுக்குத் தாய் இருக்கு!” என்று கத்திவிட்டேன். வழிகாட்டி அப்படிக் கத்தக் கூடாதாம்.

கேப்டன் செகுந்தோ சிரிக்கிறார். “ஏம்மா, அந்தத் தாய்க்கு நீதான் வக்கீலா?”

நேற்று நான் போன் செய்தபோது நீ தூங்குவதாக உன் அப்பா சொன்னார். மாலை ஐந்து மணிக்கா?

நாங்கள் கிளம்பும்போது தாய் வந்துவிட்டது. கரையேறும் முன்பே தண்ணீரிலிருந்து குரல் கொடுத்தது. கரையில் இருந்த இருபது குட்டிகளில் அதன் குட்டி மட்டும் பதில் சொன்னது. டீச்சரம்மா அழுதார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை நம் சான்டா குரூஸ் தீவுத் துறைக்கு வருவோம். படகிலிருந்து இறங்கும் முன்பே உன்னைக் கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
மீன் பிடிக்கப் போனவள்