புடவை போர்த்திய பிரிட்ஜ்

அக்கா,

இன்று காலை முதலியார்பேட்டையில் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளறைக்குப் பச்சைப் புடவை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன் என்று புளுகிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நீ இருக்கும்போது சொல்லத் துணியாததை இன்றாவது எழுதிவிடுகிறேன்.

நீ வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு பிரான்சிலிருந்து ஒரு அம்மாள் படமெடுக்க வந்தாரே. ஒரு சட்டையின் கதை. அதை வாங்குகிறவளுடைய பாரிஸ் வீடு, தைக்கிறவளுடைய வங்கதேச வீடு, நூல் வேலை பறிபோன உன் வீடு. பிரெஞ்சு தெரியும் என்று மொழிபெயர்க்க என்னை வைத்துக்கொண்டார்கள். முத்தியால்பேட்டையில் உன் வீட்டைக் காட்டிக் கொடுத்ததும் நான்தான்.

அவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், கூடத்தில் நின்ற சிவப்பு பிரிட்ஜைக் காட்டி, "அத மூடச் சொல்றாங்கக்கா" என்றேன். நீ முறைத்தாய்.

"ஓவர்டைம் பாத்து வாங்கனதுடி. அது இன்னா தப்பு பண்ணிச்சு?"

ஆனாலும் என் முகத்துக்காகப் பச்சைப் புடவையை எடுத்துக் கொடுத்தாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் முழு பிரிட்ஜைப் புடவையில் மறைத்தேன்.

படத்தை நமக்கும் அனுப்பியிருந்தார்கள். உன் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அந்த வங்கதேசப் பெண்ணின் வெற்றுச் சுவர் வந்தபோது நீ உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "இவ வூட்லயும் எதையோ மூடி வச்சிருப்பாங்க பாரேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அந்த மாதமே பிரான்சில் அதை டிவியில் போட்டுவிட்டார்கள். உன் மகளுக்கு நிச்சயித்திருந்த பையன் வீட்டார் அங்கேதான் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். நானும் உன் வீட்டில் இருந்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் படம் பார்த்துவிட்டுக் கேட்கிறார்களாம், இவ்வளவு இல்லாதப்பட்ட இடம் என்று தங்களுக்குத் தெரியாதாம். நீ போனைத் திருப்பி பிரிட்ஜைத் திறந்து காட்டினாய். தயிர், இட்லி மாவு, கத்தரிக்காய். அந்தப் பக்கம் அவன் அம்மா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"இப்ப வாங்கனதா?" என்றாள்.

சம்பந்தம் முறிந்தது. என்னிடம் பிரெஞ்சு கற்றுக்கொண்டிருந்த உன் மகள் மறுநாளிலிருந்து வரவில்லை. பிறகு தவளக்குப்பத்தில் நல்ல இடமாகத்தான் அமைந்தது. ஆனாலும் அன்று சுவரோரம் நின்ற அவள் முகம் எனக்கு மறக்கவில்லை.

அக்கா, அந்த அம்மாள் பிரிட்ஜை மூடச் சொல்லவே இல்லை. யாருமே சொல்லவில்லை. பிரிட்ஜைப் பார்த்தால் இது ஏழை வீடு இல்லை என்று வேறு தெருவுக்குப் போய்விடுவார்களோ என்று எனக்குப் பயம். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. படமெடுக்கும்போது, புடவைக்குப் பின்னால் என்ன என்று அவர் கேட்கத்தான் செய்தார். சாமி என்றேன். மன்னிப்புக் கேட்டு ஒதுங்கிக்கொண்டார், பாவம்.

அவரைக் கடைசிவரை திட்டினாய். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் திட்டினாய். அன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நான் அழப்போகிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக் கொடுத்தாய்.

"நீ இன்னாடி பண்ணுவ. அவங்க சொன்னத சொன்ன."

இப்போதும் மொழிபெயர்க்க யாராவது கூப்பிட்டால் போகிறேன். வாயைத் திறக்கும் முன்பு ஒவ்வொரு முறையும் உன் கை என் கைமேல் வந்து விழுகிறது.