அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த புட்டி

அக்கா,

இன்று காலை அரிசி டின்னை நகர்த்தினேன். பின்னாலிருந்து அந்த மாத்திரைப் புட்டி உருண்டு வந்தது. மூடியைத் திறந்தால் அதே புளித்த ஆரஞ்சு வாசனை. பாதிப் புட்டி அப்படியே இருந்தது. அம்மா ரப்பர் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும்.

அத்தை அதைக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? "ஒடம்புல ஏறுற துருவ எடுக்குற மாத்திரைலா. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, ஏசுவாரு" என்றார். நீ என்னைக் காட்டி, "இவளா சொல்லப் போறா? வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமே!" என்றாய். நானும் சிரித்தேன். தினமும் காலையில் நான்தான் உனக்கு அதை எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டதே உன்னோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வரத்தான். ஜாசினில் மலாக்கா பஸ் ஏறினால் ஜன்னல் ஓரம் உனக்கு. மற்றவர்களிடம் பேசுவதெல்லாம் நீ.

ஒருநாள் உனக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். நாம் இழுக்கும் மூச்சே உயிரணுக்களை உள்ளே அரிக்குமாம், பால் வெட்டும் கத்தியில் துரு ஏறுவதுபோல. அந்த அரிப்பைத் தடுக்க ஒவ்வோர் உயிரணுவிலும் சில புரதங்கள் காவல் இருக்கின்றனவாம். காவல் தவறினால் உயிரணு கெட்டு, புற்றுநோய் தொடங்கலாம். தொடங்கிய பிறகோ, நோய் பிடித்த உயிரணு அதே காவலைத் தனக்கென்று நிறைய வைத்துக்கொள்ளுமாம்.

"எங்க மருந்து அந்த உயிரணுவ அரிச்சுத்தான் கொல்லப் பார்க்குது. அரிப்பைத் தடுக்குற மாத்திரை கொடுத்தா, அது நோய்க்கே உதவினாலும் உதவலாம். உறுதியாத் தெரியல. வீட்டுல அப்படி ஏதாச்சும் கொடுக்கிறியாமா?"

மூன்று வாரமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று தலையாட்டினேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் புட்டியை ஒளித்தேன். உன்னிடம் தீர்ந்துவிட்டது என்றேன். கடைசி நாள்களில் நீ, "அந்த மஞ்ச மாத்திரை இருந்தாலாச்சும் தெம்பா இருக்கும்லடி" என்றாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இன்று புட்டியை எடுத்துக்கொண்டு தனியாக மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டருக்கு என்னை நினைவிருந்தது. மேசைமேல் வைத்தேன்.

"அக்காவுக்கு இதக் கொடுத்தேன் டாக்டர். நீங்க கேட்டப்ப இல்லன்னு தலையாட்டினேன். இதனாலயா அக்கா செத்துச்சு?"

அவர் புட்டியில் ஒட்டியிருந்ததை வெகுநேரம் படித்தார்.

"நீங்க இங்க வரும்போதே நோய் நுரையீரல் வரைக்கும் போயிருந்திச்சுமா. இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது." புட்டியை என் பக்கம் தள்ளினார். "ஆனா, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் மெதுவாகத்தான் சொன்னார். அதை நான் யாரிடமும் இறக்கி வைக்க முடியாது அக்கா. அம்மாவிடமும்.

திரும்பும் பஸ்ஸில் பழக்கத்தில் ஜன்னல் ஓரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மார்க்கெட் பையோடு ஏறிய மலாய்க்கார அம்மா ஒருவர் அந்த இடத்தைக் காட்டி, ஆள் வருகிறதா என்று மலாயில் கேட்டார். நீ இருந்தால் நீ பதில் சொல்லியிருப்பாய்.

தலையாட்டப் போனேன். பிறகு வாயைத் திறந்து, யாரும் இல்லை என்று சொன்னேன்.